ஆட்டக்காரர் இங்கே... அணி எங்கே?

சுவீடன் நாட்டின் தென்கோடியில், பால்டிக் கடலோரம் ஹெல்லெவிக் என்றொரு மீனவக் கிராமம். அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ 800 பேர். அந்த ஊரில் மைதானம் வைத்திருக்கும் மியேல்பி கால்பந்து கிளப், 2025 அக்டோபர் 20 அன்று கோத்தென்பர்க் நகர அணியை அதன் ஊரிலேயே 2-0 என்று வீழ்த்தி, நாட்டின் முதல்நிலை லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அப்போது இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி இருந்தன. சீசன் முடிந்தபோது 30 ஆட்டங்களில் தோல்வி ஒன்றே ஒன்று, புள்ளிகள் 75. அந்த லீக்கில் அதற்குமுன் எந்த அணியும் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை.

1939-ல் தொடங்கிய கிளப். 86 ஆண்டுகளில் இதுதான் முதல் பட்டம். 2016-ல் மூன்றாம் நிலை லீக்கிலிருந்து நான்காம் நிலைக்கு விழும் விளிம்பில் தத்தளித்தது. பட்டம் வாங்கித் தந்த கோச் ஆன்டர்ஷ் டோர்ஸ்டென்சன், பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். இன்னொன்றும் முக்கியம். சுவீடனில் ஒரு விளையாட்டு கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் கிளப்பை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. கிராமத்து அணி முதல்நிலை லீக்கில் ஆடுவது ஐரோப்பாவில் இது முதல்முறை அல்ல. ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் சில ஆயிரம் பேர் வாழும் கிராமம்தான். 2008 முதல் அந்த அணி அங்கே முதல்நிலை லீக்கில் ஆடுகிறது. ஆனால் அதன் பின்னால் ஒரு மென்பொருள் கோடீஸ்வரரின் பணம் இருக்கிறது. மியேல்பியின் பின்னால் இருப்பது மீன்பிடி ஊரும் அதன் உறுப்பினர்களும்.

800 பேர் என்றால் நம் வடசென்னைக் காசிமேட்டின் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுவார்கள். திருவொற்றியூரில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று கூட்டிக்கொண்டே போனால் ஐரோப்பாவின் ஒரு நல்ல நகரமே வந்துவிடும். தெருவுக்குத் தெரு பந்து உதைக்கும் பையன்கள். இந்திய அணிக்கே ஆட்டக்காரர்களைக் கொடுத்த மண். ஆனால் நாட்டின் மேல்மட்ட லீக்கில் வடசென்னையின் பெயரைத் தாங்கி ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. ஏன் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

கடல் கொண்டுபோன கிரவுண்டு

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாக வடக்கே போய்ப் பாருங்கள். இடப்பக்கம் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். வலப்பக்கம் கடல். நடுவில் இருக்க வேண்டிய மணல் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் துறைமுகம். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கையை நீட்டியதுபோல் துறைமுகச் சுவர் எழும்பியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. தேங்கிய மணல்தான் இன்று நாம் பார்க்கும் அகன்ற மெரினா. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் கரையை அரித்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. தென்பகுதிக்குக் கிடைத்த கடற்கரை, வடபகுதி இழந்த கடற்கரை.

உலகெங்கும் மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கு முதல் கால்பந்து மைதானம் கடற்கரை மணல்தான். காசு வேண்டாம், வேலி இல்லை, விழுந்தாலும் அடிபடாது. மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை லேசாகத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் இந்த வளம் இன்னும் இருக்கிறது. அங்கே இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல். வரை போய்ச் சேர்ந்தார். வடசென்னை மீனவப் பிள்ளைக்கு அந்த மணலும் இல்லாமல் போனது.

அரிப்பைத் தடுக்க அரசு கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் பையன்கள் அதில் இறங்குவார்கள். இரண்டு ஜோடி செருப்பு ஒரு கோல். இரண்டு பழைய டீசல் கேன் இன்னொரு கோல். ஒரு பக்க எல்லை அலை, மறுபக்க எல்லை பாறை. பந்து பாறை இடுக்கில் விழுந்தால் ஆட்டம் நிற்கும். இருப்பதிலேயே ஒல்லியான பையன் உள்ளே இறங்கி எடுத்து வர வேண்டும். இந்தச் சின்ன இடத்தில் ஆடுகிற பையன்களின் காலைக் கவனியுங்கள். நீளமாக உதைத்தால் பந்து கடலுக்குப் போய்விடும் என்பதால் எல்லாமே கிட்டத்து பாஸ், சட்டென்று திரும்பல், இரண்டு பேருக்கு நடுவில் நுழைதல். எந்த அகாடமியிலும் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயத்தை இடநெருக்கடி இவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் ஆட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இடத்துக்குத்தான் பஞ்சம்.

மூச்சுக்கும்கூட. எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் சாம்பல், சுத்திகரிப்பு ஆலைப் புகை, உரத் தொழிற்சாலை என்று எல்லாமே ஒரே இடத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் கறுத்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டிய ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் காற்று அல்ல இது. இதைச் சொல்லாமல் வடசென்னை கால்பந்தைப் பற்றி எழுதுவது பாதி உண்மையைத்தான் எழுதுவது.

சரி, மாநகராட்சி மைதானங்கள்? சென்னையில் மாநகராட்சி அமைத்த செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் அவற்றில் ஒன்பதைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். மீன் கூடை சுமக்கும் அம்மாவிடமும், ஆட்டோ ஓட்டும் அப்பாவிடமும் கேட்டு வாங்கக்கூடிய தொகையா இது? கூட்டணிக் கட்சி உறுப்பினர்கள் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். சில நாட்களில் தீர்மானம் கைவிடப்பட்டது. கைவிட்டதற்கு நன்றி. ஆனால் அந்த யோசனை ஒருமுறை வந்துவிட்டது. மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது அந்தந்த வார்டு மக்களின் வேலை.

வியாசர்பாடி செய்த வேலை

துறைமுகத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி வியாசர்பாடி. இந்தப் பெயரைச் சொன்னால் சினிமாவும் செய்தித்தாளும் உடனே கத்தியையும் ரவுடியையும் காட்டிப் பழகிவிட்டன. அங்கே காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் பந்து உதைக்கும் சத்தம் கேட்பதை அவை காட்டுவது குறைவு.

1990-களின் பிற்பகுதியில் உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு உள்ளூர் ஆட்டக்காரர்கள் முன்னின்று, குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காகக் கால்பந்தையும் படிப்பையும் சேர்த்துக் கொடுக்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பந்து வேண்டுமா, பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான் அடிப்படை. கால்பந்தைக் காட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பெண் பிள்ளைகளையும் ஷார்ட்ஸ் போட்டுக் களத்தில் இறக்கினார்கள். 'எங்க வீட்டுப் பொண்ணு புட்பால் ஆடுறதா' என்று முகம் சுளிக்கும் வீடுகளில் பேசிப் பேசிச் சம்மதம் வாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கிருந்து போனவர்தான் தன்பால் கணேஷ். நடுக்கள ஆட்டக்காரர். சென்னையின் எஃப்.சி.க்காக ஆடினார். 2018 மார்ச் 17-ல் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தார். இந்திய அணிக்கும் ஆடினார். அவருக்கு அடுத்து நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை. மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் நான்கரை ஆண்டுகளாக ஜெயித்ததே இல்லை. அன்று ஆட்டத்தின் ஒரே கோலை இடக்காலால் வளைத்துப் போட்டு அந்தக் கணக்கை முடித்துவைத்தவர் இந்த வடசென்னைப் பையன். கால்பந்தை மதமாகக் கொண்டாடும் கொல்கத்தாவில் அன்றிரவு பாதி நகரம் ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தம் அவர் வளர்ந்த தெருவுக்கு டி.வி. வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இதே வியாசர்பாடிக்கு ஆறாத காயமும் உண்டு. 2022 நவம்பரில், கால்பந்து வீராங்கனையான 17 வயது கல்லூரி மாணவி ஒருவர் மூட்டுச் சவ்வு காயத்துக்குச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின் கட்டிய கட்டு இறுகி, காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். தொழில்முறைக் கிளப்பில் ஆடுகிறவருக்கு அடிபட்டால் பிசியோ, ஸ்கேன், விளையாட்டு மருத்துவர், மாதக்கணக்கில் மறுபயிற்சி என்று ஒரு வரிசை இருக்கிறது. தெரு அணியில் ஆடும் பிள்ளைக்கு அது கிடையாது. 'நமக்கென்று ஒரு கிளப் வேண்டும்' என்று சொல்லும்போது நான் கோப்பையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. முட்டியில் அடிபட்ட அன்றைக்கு யாரிடம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

வேலைக்காக ஆடிய ஆட்டம்

வடசென்னையில் கால்பந்து ஆடியவர்களிடம் பேசினால் பத்து நிமிடத்துக்குள் ஒரு சொல் வந்துவிடும்: ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ், ஏ.ஜி. ஆபீஸ், இந்தியன் வங்கி. சென்னை லீக்கின் பழைய பெரிய அணிகளெல்லாம் அலுவலகங்களின் பெயரில் இருந்தவை. நன்றாக ஆடினால் வேலை. வேலை கிடைத்தால் வீட்டில் தங்கச்சிக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி. இந்த மண்ணில் கால்பந்து நிலைத்ததற்கு அதுதான் அடித்தளம். அதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. குடும்பங்களையே அது தூக்கி நிறுத்தியிருக்கிறது.

1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கில் தமிழ்நாட்டின் பெயரைச் சொன்ன அணியும் ஒரு வங்கி அணிதான். இந்தியன் வங்கி 2003-04 சீசனோடு அதிலிருந்து இறங்கியது. காலப்போக்கில் அலுவலக அணிகளுக்கு ஆளெடுப்பது குறைந்தது. நிரந்தர வேலை குறைந்த இடத்தில் கோட்டா மட்டும் எப்படித் தழைக்கும்? பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. வேலை தந்த இடங்கள் சுருங்கச் சுருங்க, 'ஆடி என்ன ஆகப்போகுது' என்ற கேள்வி வீடுகளில் வலுத்தது.

அலுவலக அணிக்கு ஒரு குறை எப்போதும் இருந்தது. அது ஊருக்குச் சொந்தமில்லை. மேலதிகாரி மாறினால் அணி சுருங்கும். பேட்டைக்காரர்கள் கைதட்டலாம், கேள்வி கேட்க முடியாது.

கோவையில் வென்ற சென்னை

தனியார் முதலீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கிய உள்ளூர் லீக் அணி அது. பெயர் மாறி, முதலீடு வந்து, 2017 ஜனவரியில் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் கால்வைத்தது. சென்னை நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியின் இடமாகிவிட, இது கோவைக்குக் குடிபெயர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த கோச் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள், அவர்களோடு தமிழ்நாட்டுப் பையன்கள். 2018-19 சீசனில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9 கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது.  மான்சியின் பெனால்டி, பிறகு கவுரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் தேசியப் பட்டம். அந்தச் சமயத்தில்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

இரண்டே ஆண்டு. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயர் இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பட்டம் வென்ற அன்று அந்த அணிக்கு மேலே ஏற ஏணி இல்லை. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.க்கு உயரும் வழி 2023-ல்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப். 2017-ல் ஐ-லீக்கை வென்று நாட்டையே அசத்திய மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி.க்கும் இதே கதிதான். ஹெல்லெவிக் மீனவர்களின் அணி மூன்றாம் நிலையிலிருந்து சாம்பியன் வரை வந்ததென்றால், அங்கே ஒவ்வொரு படியும் திறந்தே இருந்தது. இரண்டாவது, சென்னை சிட்டி காணாமல் போனபோது 'எங்க டீம் எங்கே?' என்று கேட்க ஒரு ஊர் இல்லை. பெயர் சென்னை, ஆடியது கோவை. உரிமை யாரிடமோ இருந்தது. கேட்கும் உரிமையுள்ள உறுப்பினர் ஆயிரம் பேர் இருந்திருந்தால், சந்தாவை வைத்தாவது அந்த அணியைக் கீழ்மட்டத்தில் உயிரோடு வைத்திருப்பார்கள்.

மேல்மட்டமும் உறுதியாக இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தள்ளிவைக்கப்பட்டது, ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. ஒரு ஒப்பந்தச் சிக்கலில் நாட்டின் முதல் லீக்கே ஆடிப்போனது.

தமிழ்நாட்டில் சின்ன ஊரின் கிளப் தேசிய லீக்கை வென்றதே இல்லையா என்றால், உண்டு. பெண்கள் வென்றார்கள். மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி அருகே புல்லூரில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தை இருப்பிடமாகக் கொண்ட சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தை வாங்கியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது சாதாரணமில்லை. தங்க இடம், சாப்பாடு, படிப்பு, மைதானம் நான்கும் ஒரே வளாகத்தில் கிடைத்ததுதான் அதன் பலம். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பையும் முதல்முறையாக வென்றிருந்தார்கள். ஆண்கள் கால்பந்துக்குக் கிடைத்த பணத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் செய்தது பெரிய சாதனை.

ஆக, வடசென்னைக்கு வேண்டியது எது என்று ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. பேட்டைக்காரர்களே உறுப்பினராக உள்ள ஒரு கிளப். ஒரு சங்கமாகப் பதிவு செய்து, சென்னை லீக்கில் கீழ்மட்ட டிவிஷனில் தொடங்கலாம். மாதம் 50 ரூபாய் சந்தா, பத்தாயிரம் உறுப்பினர் என்று வையுங்கள். ஆண்டுக்கு 60 லட்சம். பெரிய அணிகளுக்கு அது ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் செலவுக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். ஆனால் பத்தாயிரம் பேருக்கு வாக்கு இருக்கும். ஏணியும் இப்போது காகிதத்தில் இருக்கிறது: மாநில லீக்கில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் ஐ.எஸ்.எல்.

மிச்சப் பணம் எங்கே என்று கேட்பவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை போய் வரட்டும். துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, வாகனத் தொழிற்சாலை. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த மண்ணின் காற்றையும் கடலையும் பயன்படுத்தி லாபம் பார்க்கிறவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கொடுப்பது தானம் ஆகாது. அது அவர்கள் பட்ட கடன்.

மாநகராட்சியிடமும் துறைமுகத்திடமும் தொழிற்சாலைகளிடமும் கேட்க வேண்டியது இப்போதைக்கு இவ்வளவுதான்: ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்று, இரவிலும் ஆட விளக்கு, பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை, அடிபட்டால் பார்க்க ஒரு பிசியோ, நுழைவுக் கட்டணம் இல்லை. பேட்டைக்காரர்கள் செய்ய வேண்டியது, அடுத்த சென்னை லீக் பதிவுக்குள் கூடிப் பேசி, கிளப்புக்கு ஒரு பெயர் வைத்து, முதல் 50 ரூபாயைக் கொடுத்து ரசீது வாங்குவது.